கணப்புக் கல்

ஞாயிற்றுக்கிழமைக்குள் தரை போட்டு, கணப்பில் தீ மூட்டி, வீட்டைக் குடியிருக்கத் தகுந்ததாக்கிக் காட்டுவதாக அட்ராக்டா டர்க்கன் தன் அண்ணன் ஜார்லத்துக்குக் கைகொடுத்து வாக்களித்திருந்தாள். முடியாமல் போனால் திங்கட்கிழமை காலை அவன் ஜேசிபியோடு வந்து இடித்துக்கொள்ளலாம். அயர்லாந்தில், எங்கள் மேயோ பக்கத்தில், கைகொடுத்துப் பேசிய பேச்சு பத்திரத்தைவிடக் கெட்டி. அதை மீறியவரைத் தேவாலயத்தில் பக்கத்து இருக்கைக்காரர்கூட ஒருமாதிரிதான் பார்ப்பார்.

அப்பா சாகும்போது வீட்டை இருவருக்கும் பொதுவில் விட்டுப் போனார். வினை அங்கேதான் ஆரம்பித்தது. ஜார்லத் பதினேழு வயதில் இங்கிலாந்துக்கு, கவென்ட்ரிக்குக் கப்பல் ஏறியவன். கட்டட வேலையில் மேஸ்திரியாக இருந்து ஓய்வுபெற்று, போன வருஷம்தான் திரும்பி வந்தான். அப்பாவின் சாவுக்குக்கூட வராதவன். இந்த வீட்டை இடித்து அதே இடத்தில் பெரிய கண்ணாடி ஜன்னல் வைத்த புது வீடு கட்டவேண்டும் என்பது அவன் ஆசை. ஆசை என்று மரியாதைக்குச் சொல்கிறேன், வெறி என்பதுதான் சரி. அப்பா உட்கார்ந்து குடித்த அந்தச் சமையலறை தரைமட்டமாவதைத் தன் கண்ணால் பார்க்கவேண்டும் அவனுக்கு.

அட்ராக்டாவுக்கு ஐம்பத்தெட்டு வயது. இதுவரை தன்னுடையது என்று ஒரு கதவை அவள் சாத்தியதில்லை. பக்கத்து டவுன் பாலினாவில் மீன் வறுவல் கடைக்கு மேலே வாடகை அறை. தலையணை முதல் ஜெபமாலைவரை எண்ணெய் வாடை. ஆஸ்பத்திரி சமையலறையில் ஊருக்கெல்லாம் கஞ்சி காய்ச்சிக் காய்ச்சியே காலம் போய்விட்டது. இந்த வீடும் போனால் இந்த ஜென்மத்தில் இன்னொன்று கிடையாது. "என் புது வீட்டுல உனக்குன்னு ஒரு ரூம் தரேன்டி" என்று ஜார்லத் பெரிய மனசு பண்ணிச் சொன்னான். ரூம் வேண்டாம், வீடுதான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள் அவள்.

வசந்தத்தில் வேலையைத் தொடங்கினாள். மழை விட்ட நேரமெல்லாம் ஏணியில் இருந்தாள். மழை விடாத நேரமும் இருந்தாள், ஏனென்றால் எங்கள் பக்கத்து மழை விடுவதற்காகக் காத்திருந்தால் கூரை வேய முடியாது. அழுகிய உத்தரத்தை மாற்றினாள். புகைபோக்கியிலிருந்து காக்கைக் கூட்டைக் கூடை கூடையாக இறக்கினாள். வீடு தன் வயிற்றில் வைத்திருந்ததையெல்லாம் ஒவ்வொன்றாகக் கக்கியது: அப்பாவின் சவரக்கத்தி, அம்மாவின் பல்லுப்போன சீப்பு, ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்கென்று வைத்திருந்து எலி கடித்த செருப்புகள், கட்டிலுக்கடியில் வரிசையாக அடுக்கிய காலி விஸ்கி பாட்டில்கள். பாட்டில்களைப் பார்த்தபோது அவளுக்கே அண்ணன் சொல்வதில் நியாயம் இருக்கிறதோ என்று தோன்றியது. தோன்றியதை உடனே உதறிவிட்டு, பாட்டில்களை மூட்டைகட்டி வெளியே வைத்தாள்.

சனிக்கிழமை வந்தபோது தரை மட்டும்தான் பாக்கி. தளக்கற்களைப் பெயர்த்து, அடியில் சரளை கொட்டி, ஈரம் ஏறாமல் சுண்ணாம்புக் கலவை போட்டு, மறுபடி கல் பதிக்கவேண்டும். பாதி அறை முடிந்திருந்தது. உதவிக்கு வருகிறேன் என்று தினமும் வந்து, கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்து டீ குடித்துவிட்டுப் போகிறவர் பக்கத்துப் பண்ணை ஃபெஸ்டஸ். எண்பதைத் தாண்டியவர், அப்பாவுக்கு இருந்த ஒரே சிநேகிதர். அட்ராக்டா கணப்புக்கு முன்னால் கிடந்த பெரிய கல்லின் விளிம்பில் கடப்பாரையைக் கொடுத்ததும், மனிதர் டீயைக் கீழே வைத்துவிட்டார்.

"அந்தக் கல்லு நல்லாத்தானே இருக்கு. அதை விட்டுடு பொண்ணே."

"அடியில ஈரம் நிக்குது பெரியவரே. அதை விட்டா மொத்தத் தரையும் கோவிந்தாதான்."

"சொன்னாக் கேளு. விட்டுடு."

"ஏன், தங்கம் கிங்கம் புதைச்சு வச்சிருக்கீங்களா?"

"தங்கமா இருந்தா உங்கப்பன் குடிச்சிருப்பான், இல்லாட்டி நான் எப்பவோ தோண்டியிருப்பேன்" என்றார் ஃபெஸ்டஸ். ஆனால் அவர் முகத்தில் சிரிப்பு இல்லை.

அவள் முழு எடையோடு கடப்பாரையில் தொங்கினாள். கல் முனகிக்கொண்டு எழுந்தது. அடியில் சதுரமாக வெட்டிய குழியில், ஒரு குதிரையின் மண்டையோடு வாசலைப் பார்த்துப் படுத்திருந்தது.

அட்ராக்டா அலறவெல்லாம் இல்லை. ஊர் கூடி ஆடுகிற நடன வீடுகளில் கணப்புக் கல்லுக்கடியில் குதிரைத்தலை வைப்பது எங்கள் பக்கத்துப் பழைய வழக்கம். மேலே ஆடுகிறவர்களின் காலடி கணீரென்று கேட்கும் என்பார்கள். ஆனால் இந்த வீட்டில் ஆட்டம் நின்று போனது தாத்தா காலத்தில். மண்டையோட்டைச் சுற்றி ஒரு தலைக்கயிறும் கிடந்தது. அதன் ஓரத்தில் சிவப்புக் கம்பளி நூலில் பின்னிய குஞ்சம், நிறம் மங்கி, மண் அப்பி.

அந்தக் குஞ்சத்தை அவளுக்குத் தெரியும். அம்மாவின் கிழிந்த ஸ்வெட்டரைப் பிரித்துப் பதினோரு வயது ஜார்லத் பின்னியது. பெக்கி என்ற பெண்குதிரைக்காக.

பெக்கி அப்பாவுடைய குதிரை என்று பெயர்தானே தவிர, ஜார்லத் கூப்பிட்டால்தான் வரும். தாயில்லாத பையன், அது மூச்சுவிடும் இடத்தில்தான் தூங்குவான். ஒருநாள் அவன் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தபோது லாயம் காலியாக இருந்தது. அப்பா கணப்புக்கு முன்னால் பாட்டிலோடு உட்கார்ந்திருந்தார். "வித்துட்டேன்" என்றார், அவ்வளவுதான். குதிரையை விற்று விஸ்கி வாங்கிக் குடித்த மனுஷன் என்று அன்றைக்கு ஜார்லத் மனசில் எழுதியதுதான், இன்றைக்கும் அழியவில்லை. ஒரே வீட்டில் இருந்துகொண்டே அப்பாவோடு பேச்சை நிறுத்தினான். அப்புறம் கப்பல்.

"விக்கலையா?" என்றாள் அட்ராக்டா.

ஃபெஸ்டஸ் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். "எங்க விக்கிறது? சதுப்புல மாட்டிக்கிச்சு. கழுத்துவரைக்கும் முங்கிடுச்சு. நானும் உங்கப்பனும் கயிறு போட்டு இழுத்தோம், மத்தியானம் வரைக்கும் இழுத்தோம். கால் ஒடிஞ்சுபோச்சு. கடைசியில அவனே சுட்டான். அதுக்கு முன்னாடி உங்கப்பன் இவ்வளவு குடிச்சு நான் பார்த்ததில்ல, தெரிஞ்சுக்கோ."

"சதுப்புக்கு எப்படிப் போச்சு? அது வேலி தாண்டுற குதிரை இல்லையே."

கிழவர் தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பெரியவரே."

"வேலிக் கேட்டு திறந்து கிடந்துச்சு. காலையில தண்ணி காட்டப் போனவன் உங்கண்ணன். பள்ளிக்கூடத்துக்கு நேரமாச்சுன்னு ஓடியிருக்கான், சாத்தல. சின்னப் பையன்தானே. உங்கப்பன் என் சட்டையப் பிடிச்சுச் சொன்னான்: 'இது அவனுக்குத் தெரிஞ்சா அவன் செத்துப்போவான் ஃபெஸ்டஸ். வித்துட்டேன்னு சொல்லிடுறேன். திட்டட்டும், என்னைத்தானே?' அடுத்த வருஷம் எலும்பு ஆனதும் தலையைத் தோண்டி எடுத்துட்டு வந்து இங்க வச்சான். சதுப்புல நரி இழுத்துட்டுத் திரியும்னு அவனுக்குப் பொறுக்கல."

அட்ராக்டா கல்லின் விளிம்பில் உட்கார்ந்துவிட்டாள். முதலில் வந்தது கோபம். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லித் தொலைத்திருக்கக்கூடாதா இந்த மனுஷன்? சாகும்வரை, ஆஸ்பத்திரிக் கட்டிலில்கூட, ஜார்லத் வரவில்லையா என்று கேட்டாரே தவிர வேறு ஒன்றும் சொல்லவில்லையே.

இரண்டாவதாக வந்தது, மறைப்பானேன், சந்தோஷம். வீடு பிழைத்துவிட்டது! இந்தக் குழியை ஒருமுறை பார்த்தால் போதும், இந்தக் கூரையிலிருந்து ஓர் ஓடுகூட ஜார்லத் பெயர்க்கமாட்டான். கணப்புக்கு முன்னால் மண்டிபோடுவான். ஃபெஸ்டஸும் அதைத்தான் சொன்னார்: "என் சத்தியம் உங்கப்பனோட போச்சு. காட்டுறதுன்னா காட்டு. வீடு உன்னோடது."

அவள் போனை எடுத்தாள். மணி அடித்தது. அடிக்கும்போதே அவள் கண் அந்தக் குஞ்சத்தின்மேல் போனது. பையன் பின்னத் தெரியாமல் பின்னியிருந்தான். ஓர் இழை பெரிது, ஓர் இழை சிறிது. ஜார்லத் மடையன் இல்லை. குதிரையைப் பார்த்தால், அப்பா ஏன் பொய் சொன்னார் என்று கேட்பான். வயிற்றுவலியில் செத்தது என்று சொன்னால் நம்புவானா? வயிற்றுவலிக்கு எதற்கு மறைப்பு? இரண்டு கேள்வியில் அந்தக் கேட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிடுவான். அறுபத்திரண்டு வயதில், மனைவி இல்லை, பிள்ளை இல்லை, திட்டுவதற்கு ஓர் அப்பனை மட்டும் கூடவே வைத்துக்கொண்டு வாழ்ந்தவன். அப்பனையும் பிடுங்கிவிட்டு, கழுத்துவரை சேற்றில் நிற்கும் ஒரு குதிரையை அவன் கையில் கொடுப்பதா?

"என்னடி?" என்றான் ஜார்லத் போனில். "வேலை முடியலையா?"

"திங்கக்கிழமை எத்தனை மணிக்கு வர்றே?"

"எட்டு மணிக்கு. ஏன்?"

"சும்மாதான் கேட்டேன்" என்று வைத்துவிட்டாள்.

தலைக்கயிற்றின் மண்ணைத் துடைத்து மண்டையோட்டின்மேல் முன்போலவே வைத்தாள். சுற்றிலும் உலர்ந்த சரளையை இறுக்கமாகப் போட்டாள். கல்லை மறுபடி இறக்கி, விளிம்புகளை மற்ற எந்தக் கல்லுக்கும் செய்யாத அக்கறையோடு பூசினாள். ஞாயிறு முழுவதும் அந்த ஒரு கல்லுக்கே போயிற்று. மீதிப் பாதி அறை சேறாகவே கிடந்தது. பூச்சு காயாததால் கணப்பில் தீ மூட்டவும் முடியவில்லை. கைகொடுத்த பேச்சுப்படி அவள் தோற்றுவிட்டாள்.

திங்கட்கிழமை ஜேசிபி வந்து வாசலில் உறுமியது. ஓட்டி வந்தவன் ஃபின்டன், சாலைக்கு அந்தப் பக்கத்து வீட்டுக்காரன். ஜார்லத் இறங்கி, வீட்டு ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிச் சேறாய்க் கிடந்த பாதியைப் பார்த்தான். கணப்புக்கு முன்னால், பெரிய கல்லின்மேல் நாற்காலி போட்டு அட்ராக்டா உட்கார்ந்திருந்தாள். கையில் டீ.

"தரை முடியல" என்றான்.

"முடியல."

"தீயும் இல்ல."

"இல்ல."

"அப்ப எந்திரி. வெளியே வா."

"வரமாட்டேன்."

"கை கொடுத்தேடி!"

"கொடுத்தேன். இப்ப மீறுறேன். ஊரெல்லாம் போய்ச் சொல்லு."

ஃபின்டன் இன்ஜினை அணைத்தான். "ஆளு உள்ள இருக்கும்போது நான் இடிக்கமாட்டேன் ஜார்லத். ஜெயிலுக்கு நீயா போவே?" என்று சொல்லிவிட்டு, மேற்கொண்டு காதில் விழாத தூரத்துக்கு நடந்து போனான்.

ஜார்லத் உள்ளே வந்தான். நாற்பத்தைந்து வருஷத்துக்கு அப்புறம் அந்தச் சமையலறைக்குள் முதல் தடவை வருகிறான். சேற்றைச் சுற்றிக்கொண்டு வந்து அவளுக்கு நேரெதிரே நின்றான்.

"இந்தப் பாழுங்குடிசையில அப்படி என்னடி இருக்கு? என் பெக்கியை வித்துக் குடிச்ச எடம் இது. இங்கதான் உக்காந்திருந்தான், இதே எடத்துல, நீ உக்காந்திருக்கிற இதே எடத்துல. ஒரே ஒரு காரணம் சொல்லு. நியாயமான காரணமா ஒண்ணு சொல்லு, வண்டியத் திருப்பிட்டுப் போயிடுறேன்."

காரணம் அவள் காலுக்கு ஒரு சாண் கீழே கிடந்தது. அவள் வாய் திறந்தது. அண்ணனின் முகத்தில் அந்த நேரத்தில் பதினோரு வயசு அப்படியே தெரிந்தது. அவள் வாயை மூடிக்கொண்டு, டீயை ஒரு வாய் குடித்தாள்.

"எனக்கு வீடு வேணும். அவ்வளவுதான்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

ஜார்லத் மெதுவாகச் சொன்னான், அதுதான் கத்தியதைவிட மோசமாக இருந்தது. "அப்படியே அவனை உரிச்சு வச்சிருக்கே. அவனும் இப்படித்தான் கல்லு மாதிரி உக்காந்திருப்பான். நான் அழுதழுது கேட்டேன், யாருக்கு வித்தே, சொல்லு, போய்ப் பார்த்துட்டாவது வரேன்னு. வாயே திறக்கல. கோர்ட்டுக்குப் போய்க் கூடப்பிறந்தவளத் தெருவுல தள்ளுற ஆளு நான் இல்ல. என் பங்கையும் நீயே வச்சுக்கோ. ஆனா நான் செத்தாக்கூட நீ வராதே."

அவன் போனான். ஜேசிபியும் பின்னாலேயே போயிற்று. சத்தம் அடங்கும்வரை அட்ராக்டா அசையாமல் இருந்தாள். அடங்கியதும் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள், அப்பா செத்தபோது அழாத அழுகையையும் சேர்த்து.

வேலியோரம் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த ஃபெஸ்டஸ் மெல்ல உள்ளே வந்தார். வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்தார்.

"ஒரு வார்த்தை சொல்லியிருந்தா வீட்டோட அண்ணனும் மிஞ்சியிருப்பான்" என்றார்.

அட்ராக்டா பாவாடை நுனியில் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து, சுண்ணாம்புத் தொட்டியில் தண்ணீர் ஊற்றினாள்.

"இன்னிக்கு ராத்திரி என்னைத் திட்டிக்கிட்டே படுப்பான் பெரியவரே. ஆனா தூங்கிடுவான்" என்றாள்.