நான்கு அறிவிப்புத் தாள்கள்

"ஸ்கூலுக்கு வந்தா என்னயத் தெரிஞ்ச மாதிரி காட்டிக்காதீங்கப்பா."

சொல்லிவிட்டு நிஷாந்தினி சப்பாத்துக்கு வெள்ளை பூசுவதிலேயே கண்ணாக இருந்தாள். ரொட்டி சுட்டுக்கொண்டிருந்த அம்மா ஜெயலெட்சுமியின் கை கல்லின் மேல் அப்படியே நின்றது. வாசலில் உட்கார்ந்து பழந்துணியால் தப்பு மேளத்தைத் துடைத்துக்கொண்டிருந்த அப்பா நல்லையா நிமிரவில்லை.

"சரிம்மா," என்றார்.

அம்மாவுக்குத்தான் பொறுக்கவில்லை. "பெத்தவனத் தெரியாதுன்னு சொல்ற அளவுக்குப் படிப்பு ஏறிப்போச்சா ஒனக்கு?"

"விடு ஜெயா. புள்ளைக்கி அங்க என்னா சங்கடமோ."

அந்தச் 'சரிம்மா' அவளை பஸ் ஏறும் வரை விரட்டியது. ஒரு அறை கொடுத்திருந்தாலும் மனம் ஆறியிருக்கும்.

சங்கடம் பழையது. தேயிலைத் தோட்டப் பள்ளியில் ஐந்தாம் ஆண்டு படிக்கும்போது, கூட்டாளி வீட்டுச் சாவுக்கு அப்பா தப்பு அடித்தார். மறுநாள் அந்தக் கூட்டாளி சாப்பாட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வேறு வாங்கில் போய் உட்கார்ந்துகொண்டாள். புலமைப்பரிசில் பரீட்சையில் சித்தியடைந்து பதுளை டவுன் பாடசாலைக்கு வந்த நாள் முதல், யார் கேட்டாலும் நிஷாந்தினியின் அப்பா தோட்டத்தில் வேலை செய்கிறார். அவ்வளவுதான். தப்பைப் பற்றி ஒருவரிடமும் அவள் மூச்சு விட்டதில்லை.

ஆனால் இந்தத் தவணை தரம் பத்துக்குக் கிடைத்த சமூகச் செயற்றிட்டம், 'நமது தோட்டக் கலை'. தோட்டத்தில் மாசி மாதம் ரதி மதன் கதையை ஆடும் காமன் கூத்து முடிந்த கையோடு பிள்ளைகள் அதைப் பழகி மேடையேற்ற வேண்டும். கல்வி அதிகாரி வருகிறார். தப்புக்காரர்களைத் தேடி வகுப்பே அவளுடைய தோட்டத்துக்கு வந்த அன்று, அவள் காய்ச்சல் என்று சொல்லி அத்தை வீட்டில் ஒளிந்திருந்தாள். ரதியாகவும் மதனாகவும் ஆடும் பிள்ளைகளின் வீடுகளுக்கு பாக்கியலெட்சுமி டீச்சர் வெற்றிலைத் தட்டோடு போய்ச் சம்மதம் கேட்டார். நல்லையாவுக்கு வெற்றிலை இல்லை. "வந்துரச் சொல்லு" என்று தோட்டத் தலைவருக்குப் போன் போயிற்று. கூத்துக்கு அழைக்கும் முறையே தோட்டத்தில் அப்படித்தான்; அதையும் கலையோடு சேர்த்துப் பழகிக்கொண்டார்கள் போலிருக்கிறது.

குரல் நன்றாக இருப்பதால் அறிவிப்பாளர் வேலை நிஷாந்தினிக்கு. டீச்சர் எழுதிக் கொடுத்த நான்கு தாள்களில் ஆடும் பிள்ளைகள், பாடும் பிள்ளைகள், திரை இழுக்கிற பிள்ளை வரைக்கும் பெயர் இருந்தது. கடைசியில் ஒரு வரி: 'மற்றும் தப்புக் குழு'. படித்துப் பழகும்போதெல்லாம் அவள் அந்த வரியை வேகமாகத் தாண்டினாள்.

இன்று கூத்து மேடையேறும் நாள்; காலையிலிருந்தே தூறல். அப்பாவும் கூடத் தப்படிக்கும் மாமாவும் மைதானத்து ஓரத்துச் சவுக்கு மரத்தடியில் நின்றார்கள். ஆடும் பிள்ளைகள் ஆசிரியர் அறையில் கண்ணாடிக் கிளாஸில் பால் தேநீர் குடித்தார்கள். மரத்தடிக்குக் காகிதக் கோப்பை போனது. நிஷாந்தினி மேடைக்கும் வாசலுக்கும் பத்து முறை நடந்தாள். நான்காம் முறை அப்பாவின் பக்கமாகவே போக வேண்டி வந்தது. அவர் சட்டென்று திரும்பி மரத்தைப் பார்த்து நின்றார். சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறாராம்!

ஈரத்தில் தப்பின் தோல் தொய்ந்துவிடும், காய்ச்சினால்தான் பேசும். நல்லையா சுள்ளி பொறுக்கி மேடைக்குப் பின்னால் கொஞ்சம் தீ மூட்டினார். டீச்சர் ஓடி வந்தார்.

"ஐயோ, சிரமதானம் செஞ்சு கூட்டின எடம். சாம்பல் கெடந்தா அதிபர் என்னயத்தான் கேப்பாரு. அதோட தப்பக் காய்ச்சுறது சாவு வீட்டுல செய்யிறது, மேடைப் பக்கம் வேணாங்க. அந்த வாளித் தண்ணிய ஊத்துங்க பிள்ளைகளா."

ஊற்றினார்கள். கல்வி அதிகாரி வந்து அமர்ந்தார். வரவேற்புரை முடிந்தது. மேடைக்குப் பின்னால் அப்பா தப்பில் ஒரு அடி அடித்துப் பார்த்தார். சட்டியைத் தட்டினது போல் ஒரு சத்தம். ஆடும் பிள்ளைகள் வாயைப் பொத்திச் சிரித்தார்கள்.

"என்னங்க இது? காலம் பூரா அடிக்கிறவங்க, இன்னைக்கின்னு மானத்த வாங்குறீங்களே," என்றார் டீச்சர்.

தீயை அணைத்தது யார் என்று நல்லையா கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. தலையைக் குனிந்து துண்டால் தோலைத் தேய்த்துக்கொண்டே இருந்தார், தேய்த்தால் சூடேறிவிடும் என்பதைப் போல.

நிஷாந்தினி மேடையை விட்டு இறங்கினாள். பக்கத்தில் நின்ற ஷிப்னா, "எங்கடி போறாய்? அடுத்தது நம்மட கூத்துதான்," என்று கையைப் பிடித்தாள். உதறிவிட்டுப் போய் நனைந்த சுள்ளிகளின் முன்னால் குந்தினாள். வெள்ளைச் சீருடை சேற்றில் படிந்தது.

நல்லையா பதறிப்போனார். சுற்றிலும் பிள்ளைகள். அவர் குரலைத் தாழ்த்தி, "தங்கச்சி யாரும்மா நீங்க? தள்ளி நில்லுங்க, உடுப்புல கரி படும்," என்றார்.

அவள் நனைந்த மேல் சுள்ளிகளைத் தள்ளினாள். அடிச்சுள்ளி காய்ந்தே இருந்தது. கையிலிருந்த நான்கு தாள்களையும் கசக்கி அதற்குள் திணித்தாள். தாள்களை வைத்திருந்த ஃபைல் அட்டையையும் கிழித்து வைத்தாள்.

"நெருப்புப் பெட்டியக் குடுங்கப்பா."

சத்தமாகத்தான் சொன்னாள். ஷிப்னா திரும்பினாள். சிரித்த பிள்ளைகளும் திரும்பினார்கள். நல்லையா உரசியதில் ஈரத்துக்கு இரண்டு குச்சி வீணாயிற்று, மூன்றாவது பற்றியது. டீச்சர் அழகாக எழுதிய வரிகள் மேலிருந்து கீழாகக் கருகின. அப்பா தப்பைத் தீயின் மேல் சுற்றிச் சுற்றிக் காட்டினார்.

"போதுமாப்பா?"

அவர் ஒரு விரலால் தட்டினார். கணீரென்றது. முன் வரிசையில் கல்வி அதிகாரி நிமிர்ந்து உட்கார்ந்தார்.

டீச்சரின் முகம் வெளிறியிருந்தது. "நிஷாந்தினி! என்னா காரியம் செஞ்ச? இப்ப மைக்குல என்னத்த வாசிப்ப?"

அவள் பாவாடையில் ஒட்டிய சாம்பலைத் தட்டிக்கூட விடவில்லை.

"எல்லாப் பேரும் பாடம் டீச்சர். நீங்க எழுதாம விட்ட பேரும் எனக்குப் பாடந்தான்," என்று சொல்லிவிட்டு மைக்கை நோக்கி நடந்தாள்.