வீட்டைச் சுற்றி ஒரு வலம்

என் கணவர் இறப்பதற்கு முந்தின வாரம் காய்கறிப் பையில் போட்டுக் கொண்டுவந்த குட்டிநாய் பட்டாணி. அவர் கடைசியாக வீட்டுக்குக் கொண்டுவந்தது அதுதான் என்பதால், அதை யாருக்கும் கொடுக்க எனக்கு மனமில்லை. பட்டாணியோ எங்கள் வேங்கிக்கால் வீட்டில் ஓர் அறையையும் பாக்கி வைக்கவில்லை. வாசலில் விட்டால் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கும். பிறகு உள்ளே வந்து பூஜை அறைக் கால்மிதியை நனைக்கும்.

"இன்னொரு தபா உள்ள ஒண்ணுக்குப் போச்சுன்னா கீழ்பென்னாத்தூர் சித்தப்பாகிட்ட குடுத்துடுவேம்மா" என்றான் மகன் வளவன்.

பெரிய நாய்கள் டைகரும் ரோஸியும் இப்படியில்லை. முழங்கால் வலியால் மலையைச் சுற்றிக் கிரிவலம் போக முடியாமல் ஆனபின், என் கணவர் தினமும் காலையில் வீட்டைச் சுற்றினார். அவையும் பின்னாலேயே போய்க் கிணற்று மூலையில் காரியத்தை முடிக்கும். அவர் போனபின்னும் தாமாகவே சுற்றின. குட்டிக்கு மட்டும் முன்னால் ஓர் ஆள் வேண்டும் போலிருந்தது.

மறுநாள் நானே முன்னால் நடந்தேன். பட்டாணி வரிசையில் கடைசியாக வந்து, கிணற்று மூலையில் பெரியவர்களைப் பார்த்துக் கற்றுக்கொண்டது. வீடு காய்ந்தது.

போன வாரம் எனக்குக் காய்ச்சல். வளவன் தூக்கக் கலக்கத்தில் குட்டியை நேராகக் கிணற்று மூலைக்கே தூக்கிப்போனான். அது கல்லாக நின்றது. ஜன்னல் வழியே அவன் குரல் கேட்டது.

"சரி வா, வாசல்லேர்ந்தே வரலாம். எங்கப்பா உங்களுக்கு ஷார்ட்கட்டே சொல்லித் தரல பாரு."

லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு அவன் முன்னால் நடக்க, மூன்றும் பின்னால் போயின. கீழ்பென்னாத்தூர் பேச்சை அதன்பின் அவன் எடுக்கவில்லை.