பதினாலாம் படுக்கையின் தட்டு

வீட்டில் அவளுக்குப் பட்டப்பெயர் கலோரி. வைத்தது நாத்தனார். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷம் கழித்து, இரட்டைப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு, முப்பத்தாறு வயதில் உணவியலில் முதுகலை படிக்கப் போகிறேன் என்று கிளம்பியவளை வேறு என்ன சொல்லிக் கூப்பிடுவது? யார் வாயில் எது போனாலும் அவள் கண்ணும் கூடவே போகும். "அண்ணி, நான் முழுங்கினப்புறம் கணக்குச் சொல்லுங்க, இப்பவே சொன்னா விக்கிக்கும்" என்பாள் நாத்தனார். கிண்டல் ஒரு பக்கம் இருக்கட்டும். இரண்டு வருஷமாகப் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டு, அழைத்துவந்து, காய்ச்சல் என்றால் லீவு போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டதும் அந்த வாயாடிதான்.

கலோரி படிப்பில் சூட்டிகை, வகுப்பிலேயே முதல். ஆனால் இந்தத் தொழிலில் படித்துக் கிழித்தால் மட்டும் போதாது. ஆயிரம் மணி நேரம் மருத்துவமனையில், பதிவு பெற்ற ஓர் உணவியலாளரின் பார்வையில் வேலை செய்ய வேண்டும். அவர் கையெழுத்துப் போட வேண்டும். அப்புறம்தான் பதிவுத் தேர்வு, அப்புறம்தான் 'உணவியலாளர்' என்று சொல்லிக்கொள்ளும் உரிமை. பதினாலாம் படுக்கை விவகாரம் வெடித்த நாளில் அவளுக்குத் தொள்ளாயிரத்து அறுபது மணி நேரம் முடிந்திருந்தது. மிச்சம் நாற்பது, அதாவது ஒரே வாரம்.

கையெழுத்துப் போட வேண்டியவள் கலோரியைவிட ஒன்பது வயது சின்னவள். அவள் முதுகுக்குப் பின்னால் வார்டில் எல்லோரும் அவளைத் தராசு என்பார்கள். வாய் நிறைய 'அக்கா' என்றுதான் கலோரியைக் கூப்பிடுவாள், ஆனால் வேலை என்று வந்துவிட்டால் அக்காவும் கிடையாது, தங்கச்சியும் கிடையாது. முதல் நாளே சொல்லிவிட்டாள்: "தட்டு பேசாதுக்கா, ஆள்தான் பேசணும். நேத்து கண்ணு முழிச்சதுலேர்ந்து படுக்கிற வரைக்கும் வயித்துக்குள்ள என்ன போச்சுன்னு அவங்க வாயால சொல்லணும், நாம எழுதணும். நடுவுல எடுத்துக் கொடுக்கக் கூடாது, அவசரப்படுத்தக் கூடாது."

கலோரிக்கு இதெல்லாம் தெரியாதா? பரீட்சையில் இதற்கு முழு மதிப்பெண் வாங்கியவள் ஆயிற்றே!

பதினாலாம் படுக்கையில் ஒரு பஸ் டிரைவர். ஓய்வு பெற்றவர், பக்கவாதம். இடது கை விழுந்துவிட்டது, பேச்சு குழறியது. அவருடைய ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவில் ஒரு பஸ் போய்த் திரும்பி வந்துவிடலாம். பக்கத்திலேயே அவர் மனைவி, எப்போதும் ஒரு கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

முதல் நாள் கலோரி நாற்காலியை இழுத்துப் போட்டு முறைப்படிதான் கேட்டாள். கால் மணி நேரம் ஆயிற்று. டிரைவர் கண் விழித்து, பல் விளக்கும் வரைதான் வந்திருந்தார். அன்றைக்கு இன்னும் ஏழு பேரைப் பார்த்தாக வேண்டும். கலோரி கடிகாரத்தைப் பார்த்தாள், தட்டைப் பார்த்தாள். தட்டு வழித்துத் துடைத்தாற்போல் காலி. "பரவாயில்லையே, நல்லா சாப்பிடுறீங்களே!" என்று எழுந்துவிட்டாள். அவர் வாய் இன்னும் எதற்கோ அசைந்துகொண்டிருந்தது. படிவத்தில் 'முழு உணவு, ஆயிரத்து அறுநூற்றைம்பது கலோரி' என்று எழுதினாள். தகவல் தந்தவர் யார் என்ற கட்டத்தில், கூசாமல், 'நோயாளி' என்று போட்டாள்.

மறுநாள் அவள் உட்காரவே இல்லை. தூரத்திலிருந்தே தட்டைப் பார்த்தாள். மூன்றாம் நாளிலிருந்து அதையும் பார்க்கவில்லை, முந்தின நாள் எழுதியதைப் பார்த்து எழுதினாள். இளங்கலையும் சேர்த்து ஐந்து வருஷம் சோற்றைப் பற்றியே படித்த மகராசிக்கு, தட்டில் இருந்தது யார் வயிற்றுக்குப் போயிற்று என்று ஒரு கேள்வி தோன்றவில்லை. ஏட்டுச் சுரைக்காய் என்று சும்மாவா சொன்னார்கள்!

ஏழாம் நாள் காலை, டிரைவரை நடக்கப் பழக்கியபோது நாலாவது எட்டில் மயங்கிச் சரிந்தார். நல்லவேளை, பழக்கியவர் தாங்கிப் பிடித்துக்கொண்டார். எடை போட்டுப் பார்த்தால், வந்த நாளைவிட மூன்று கிலோ குறைவு.

தராசு கலோரியைச் சத்துமாவு டப்பாக்கள் அடுக்கிய சின்ன அறைக்குக் கூப்பிட்டாள். மேசையில் ஆறு படிவங்களும் வரிசையாகக் கிடந்தன.

"ஆறு நாளும் ஒரே கணக்கு. இவ்வளவு சாப்பிடுறவர் எப்படிக்கா மூணு கிலோ இறங்குவாரு?"

உண்மையைச் சொல்ல அதுதான் நேரம். ஒரே ஒரு வாக்கியம் போதும். ஆனால் கலோரியின் கண் முன்னால் அந்த நாற்பது மணி நேரம் வந்து நின்றது.

"அவருக்குப் பேச்சு வரலை. அதான் அவங்க வீட்டம்மாகிட்ட கேட்டேன். நல்லா சாப்பிட்டாருன்னு சொன்னாங்க."

"நோயாளி சொன்னார்னு போட்டிருக்கு?"

"கட்டத்துல மாத்திப் போட மறந்துட்டேன்."

ஒரு பொய்க்குத் துணையாக இன்னொன்று. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்களே, அதைக் கலோரி நின்ற இடத்தில் செய்தாள். தராசு விடுவாளா? டிரைவரின் மனைவியை அழைத்துவரச் சொல்லிவிட்டாள்.

அந்த அம்மாள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெதுவாக வந்தாள்.

"ஐயா முழுசா சாப்பிட்டாருன்னு இவங்ககிட்ட நீங்க சொன்னீங்களாம்மா?"

அவள் கலோரியைப் பார்த்தாள். படிவங்களைப் பார்த்தாள். கைப்பையின் வாரை விரலில் சுற்றினாள்.

"ஆமாம்மா. நான்தான் சொன்னேன்."

கலோரிக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த அம்மாள் அதோடு நிற்கவில்லை, உடைந்துவிட்டாள்.

"தட்டைக் காலி பண்ணது நான்தாம்மா. அவர் வேணாம் வேணாம்னு தள்ளிடுவாரு. வீணாப் போகுதேன்னு... கேன்டீனுக்கு நாலு மாடி எறங்கி ஏற இந்த முழங்கால் விடமாட்டேங்குது. லிஃப்டுல எப்பப் பாரு ஸ்ட்ரெச்சர். நான் கீழ போன நேரம் டாக்டர் வந்துட்டுப் போயிட்டா? நோயாளி சோத்தைத் தின்னுட்டு உக்காந்திருந்தேனே, என்ன ஜென்மம் நான்!"

தராசு அவளுக்குத் தண்ணீர் கொடுத்தாள். "உங்க மேல தப்பில்லம்மா" என்று தோளைத் தொட்டு அனுப்பினாள். பிறகு கலோரியிடம், "கட்டத்தை இனிமே சரியாப் போடுங்கக்கா" என்றாள். அவ்வளவுதான், கலோரி பிழைத்துவிட்டாள். பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

நடையில் ஒரு பெஞ்சில் அந்த அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கலோரி பேசாமல் தாண்டிப் போயிருக்கலாம். கால் போகவில்லை.

"ஏம்மா அப்படிச் சொன்னீங்க? நான் உங்களைக் கேட்கவே இல்லையே."

"கேட்டியோ கேக்கலையோ, கேட்டிருந்தா அதைத்தானே சொல்லியிருப்பேன்? வெக்கம் கெட்டுப் போய் உண்மையவா சொல்லியிருப்பேன்? என் மானந்தான் போயிடுச்சு. நீ படிக்கிற பொண்ணு, உன் பேரும் எதுக்குக் கெடணும்?"

இரண்டு அறை விட்டிருந்தால்கூடக் கலோரி தாங்கியிருப்பாள். காது மடல் எரிந்தது. நேராகத் திரும்பிப் போய்த் தராசு முன்னால் நின்று, முதல் நாள் கால் மணி நேரத்திலிருந்து இன்றைய பொய் வரை எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள்.

தராசு கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

"அந்த அம்மா அழுதப்ப நீங்க பக்கத்துலதானே நின்னீங்க?"

"ஆமா."

"பார்த்துக்கிட்டே நின்னீங்க."

தராசு ஆறு படிவங்களையும் ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கினாள்.

"ஆறு நாளை மட்டும் நான் கழிக்க முடியாதுக்கா. தொள்ளாயிரத்து அறுபதுல எது நீங்க கேட்டது, எது நீங்களா எழுதினதுன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"சத்தியமா வேற எதுலயும் அப்படிச் செய்யல."

"காலையிலயும் இப்படி முகத்தைப் பார்த்துத்தான் சொன்னீங்க."

பிறகு தராசு, பயிற்சிக் குழுவுக்கு எழுதியே ஆக வேண்டும் என்றாள். முதல் மணி நேரத்திலிருந்து மறுபடி ஆரம்பிக்கச் சொல்லலாம், மொத்தமாகவே வேண்டாம் என்றும் சொல்லலாம். இன்னும் ஒரு வருஷம் பிள்ளைகளைப் பார்த்துக்கொள் என்று நாத்தனாரிடம் எந்த வாயால் கேட்பது? கேட்டால் அவள் சரி என்றுதான் சொல்வாள், ஏன் என்று கேட்பாளே, அதற்கு என்ன சொல்வது? நினைக்கும்போதே கலோரிக்கு உடம்பு கூசியது.

"முடிவு வர்ற வரைக்கும் நீங்க தனியா யாரையும் பார்க்க வேணாம். இப்ப என்கூட வாங்க. பதினாலை இன்னும் ஒருத்தரும் கேக்கல."

அந்த அம்மாளை நர்ஸ் எக்ஸ்ரேவுக்கு, முழங்காலைக் காட்ட அழைத்துப் போயிருந்தாள். கலோரி நாற்காலியில் உட்கார்ந்தாள். தராசு கால்மாட்டில் நின்றாள்.

"நேத்து கண்ணு முழிச்சதுலேர்ந்து சொல்லுங்கய்யா. மெதுவாச் சொல்லுங்க."

டிரைவர் ஆரம்பித்தார். விழித்தார். பல் விளக்கினார். ஜன்னல் பக்கம் கொஞ்சம் பார்த்தார். பத்து நிமிஷமாயிற்று, இருபது ஆயிற்று. கலோரி அசையவில்லை. ஒரு வழியாகத் தட்டு வந்து சேர்ந்தது.

"முட்டை... ரொட்டி... தள்ளிட்டேன்."

"பசிக்கலையா" என்று நாக்கு நுனிவரை வந்ததைக் கடித்து விழுங்கிவிட்டுக் காத்திருந்தாள்.

"பசி... நல்ல பசி." அவர் வாசல் பக்கம் பார்த்துக்கொண்டார், மனைவி இல்லை என்று உறுதி செய்துகொள்வதுபோல. "அவ... கீழ போக மாட்டா. ஒண்ணும்... திங்கலை. நான் குடுத்தா... வாங்க மாட்டா. வீணாப் போகுதுன்னாத்தான்... தின்னுவா."

பின்னால் தராசு மூச்சை இழுத்துவிடுவது கேட்டது. கலோரி அதை வார்த்தை மாறாமல் எழுதினாள்.

"அவகிட்ட... சொல்லிடாத."

"சொல்லலைய்யா. ஆனா நீங்க ஒரு வார்த்தை எங்ககிட்ட சொல்லியிருந்தா, அவங்களுக்கும் ஒரு தட்டு வரவெச்சிருப்போமே!"

டிரைவர் அவளைப் பார்த்தார். கோபம் துளிகூட இல்லை, ஞாபகப்படுத்திக்கொள்ளும் பார்வைதான்.

"அதைக் கேக்கத்தான்... மொத நாளு... வாயெடுத்தேன். நீ... எந்திரிச்சுப் போயிட்டம்மா."

அடுத்து மதியம் என்ன சாப்பிட்டார் என்று கேட்க வேண்டும். கலோரிக்குக் குரல் வரவில்லை. டிரைவர் அவளுக்காகப் பொறுமையாகக் காத்துக்கொண்டிருந்தார்.