நீலப் பக்கத்துப் பிள்ளை

இல்மாவின் ஹிஜாபுக்குள் சேஃப்டி பின் ஒன்று குத்தப்பட்டிருப்பது றஞ்சனாவுக்குப் போட்டியன்று காலையிலேயே தெரியும். கார் ஓட்டிக்கொண்டே பின்கண்ணாடியில் அதைப் பார்த்தாள். பின் ஆசனத்தில் தன் மகள் இல்மாவுக்குப் பக்கத்தில் இருந்த சப்னா, வாயில் பின்னைக் கவ்விக்கொண்டு, இரண்டு கைகளாலும் துணியை இழுத்து மடித்து, காதுக்கு மேலே உட்பக்கமாகக் குத்திவிட்டாள்.

"நேத்து ப்ராக்டிஸ்ல ரெண்டு தரம் கழண்டிட்டாம், அக்கா. அதான் உள்ளுக்குச் சின்னதா ஒண்டு குத்தி வெச்சேன். வெளிய தெரியாது," என்றாள் சப்னா.

"ஓம், வடிவா இருக்கு," என்றாள் றஞ்சனா.

டெக்வொண்டோ போட்டியாளர்கள் உடலில் உலோகம் எதுவும் வைத்திருக்கக் கூடாது என்ற விதி அப்போதே அவளுக்கு நினைவுக்கு வந்தது. போட்டி ஏற்பாட்டாளர்கள் பெற்றோரின் வட்ஸ்அப் குழுவுக்கு ஆங்கிலத்தில் ஒரு நீண்ட அறிவித்தல் அனுப்பியிருந்தார்கள். அது வந்த அன்றே சப்னா போனில் கோல் எடுத்து, "எனக்கு இந்த இங்கிலீஷ் விளங்குறல்ல, அக்கா. முக்கியமானது ஏதும் ஈந்தா சொல்லுங்க," என்று கேட்டிருந்தாள். சொல்வதாக றஞ்சனாவும் ஒப்புக்கொண்டாள். இப்போது சொல்லலாம் என்று வாய் எடுத்தபோது, முன்னால் போன பஸ் திடீரென்று நிறுத்தியது. பிரேக் பிடித்து, ஹோர்ன் அடித்து, அதைக் கடந்து போன பிறகு அவள் சொல்லவில்லை. மறந்துவிட்டாள் என்று சொல்ல முடியாது. பிறகு சொல்லலாம் என்று விட்டாள்.

றஞ்சனா ஒரு அரச திணைக்களத்தில் முகாமைத்துவ உதவியாளர். யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்து கட்டுகஸ்தோட்டையிலேயே தங்கிவிட்டவள். மகள் துஷாந்தி டெக்வொண்டோ பழகத் தொடங்கியதே பள்ளிக்கூடத்தில் யாரோ பகிடி பண்ணியதால்தான். வகுப்பு கண்டி நகரில். அலவத்துகொடையிலிருந்து பஸ்ஸில் வரும் இல்மா கட்டுகஸ்தோட்டையில் இறங்கி, இவர்களுடைய காரில் ஏறிக்கொள்வாள். இரண்டு பிள்ளைகளும் ஒரே வயது, ஒரே எடைப் பிரிவு. ஒருத்தி காலுக்குக் கட்டுப் போட்டால் மற்றவள் பிடித்துக்கொள்வாள். ஆனால் பயிற்சிச் சண்டை என்று வந்தால் எப்போதும் இல்மாதான் வெல்வாள். துஷாந்தி அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. எடுத்துக்கொண்டது அவள் தாய்தான்.

அன்றைய போட்டியில் முதலாவதாக வருகிறவளுக்கு மாகாண அணியில் இடம். இரண்டு பிள்ளைகளும் மற்ற எல்லாரையும் வென்று இறுதிக்கு வந்துவிட்டார்கள். இருவருமே தன் மாணவிகள் என்பதால் பயிற்றுநர் கிருஷ்ணராஜ் இரண்டு மூலைகளிலும் உட்காரவில்லை. மூத்த மாணவர்கள் இருவரை அங்கே அனுப்பிவிட்டு, மேலே பார்வையாளர் படிகளில் தனியாகப் போய் உட்கார்ந்தார்.

துஷாந்தி சிவப்பு. இல்மா நீலம்.

முதல் சுற்று முடிவதற்குள்ளேயே நீலத்தின் புள்ளிகள் மளமளவென்று ஏறிவிட்டன. இல்மா காலைத் தூக்குவதே தெரியவில்லை, மார்புக் கவசத்தில் விழும் சத்தம்தான் கேட்டது. இடைவேளையில் துஷாந்தி கதிரையில் உட்கார்ந்து மேலே பார்த்தாள். தாயைத் தேடிப் பார்த்தாள் என்றுதான் றஞ்சனா நினைத்தாள். அந்த முகம் வாடியிருந்ததாகவும் அவளுக்குப் பட்டது. எழுந்தாள்.

"டொய்லெட்டுக்குப் போட்டு வாறன்," என்று சப்னாவிடம் சொல்லிவிட்டுப் படிகளில் இறங்கினாள்.

அரங்கின் ஓரத்தில், போட்டியாளர்களைப் பரிசோதிக்கும் மேசையில் ஒரு பெண் அதிகாரி இருந்தார். றஞ்சனா அவரிடம் சிங்களத்தில் பேசினாள். அலுவலகத்தில் பேசிப் பேசி அவளுடைய சிங்களம் நல்ல சுத்தமாக இருக்கும். நீலப் பக்கத்துப் பிள்ளையின் தலைத்துணிக்குள் பின் ஒன்று இருக்கிறது, தலையில் உதை விழுந்தால் குத்திவிடும், பாதுகாப்புக்காகத்தான் சொல்கிறேன் என்றாள்.

"அந்தப் பிள்ளையைத் தெரியுமா உங்களுக்கு?" என்று கேட்டார் அதிகாரி.

"இல்லை. தற்செயலாகக் கண்டேன்."

அதிகாரி நன்றி சொன்னார். அந்த நன்றியையும் வாங்கிக்கொண்டு றஞ்சனா திரும்பி வந்து சப்னாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

இரண்டாம் சுற்று தொடங்கும் முன் மத்தியஸ்தர் இல்மாவை மேசைக்கு அழைத்தார். அதிகாரி தலைக்கவசத்தைக் கழற்றச் சொல்லி, துணியை விரலால் தடவிப் பார்த்து, பின் இருக்கும் இடத்தைக் காட்டினார். அதை எடுத்துவிட்டு விளையாடலாம், ஆனால் நேரம் கொஞ்சம்தான் என்றார். பின்னை எடுத்தால் துணி அவிழ்ந்துவிடும். அரங்கு நிறைய ஆண்கள். இல்மா ஒரு கையால் தலையைப் பொத்திக்கொண்டு மேலே பார்த்தாள்.

"யா அல்லாஹ்," என்று எழுந்த சப்னா செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் படிகளில் இறங்கி ஓடினாள். தாயும் மகளும் உடைமாற்றும் அறைக்குள் போனார்கள். மணிக்கூட்டின் இலக்கங்கள் திரையில் குறைந்துகொண்டு வந்தன. துஷாந்தி மெத்தையின் நடுவில் தனியாக நின்று, அந்தக் கதவையே பார்த்தாள். ஒரு தடவை மட்டும் திரும்பி, மேலே தாயைப் பார்த்தாள்.

அவர்கள் வெளியே வந்தபோது நேரம் முடிந்து, மத்தியஸ்தர் சிவப்புப் பக்கத்துக்குக் கையை உயர்த்தி வெற்றியை அறிவித்துவிட்டிருந்தார். துணியை வேறுவிதமாக இறுக்கிச் சுற்றியிருந்த இல்மா, யாரோடும் வாதாடாமல் மெத்தைக்கு வந்து குனிந்து வணங்கி, துஷாந்தியின் கையைப் பிடித்துக் குலுக்கினாள். பிறகுதான் அழுதாள்.

மத்தியானம் அரங்குக்கு வெளியே ஒரு மரத்தடியில் சப்னா சாப்பாட்டுப் பெட்டிகளைத் திறந்தாள். நால்வருக்குமாகச் சமைத்து எடுத்து வந்திருந்தாள். துஷாந்திக்கு உறைப்பு ஒத்துக்கொள்ளாது என்று அவளுக்கு மட்டும் கோழி தனியாக.

"என்ட பிழைதான், அக்கா," என்றாள். அவள் கண்கள் சிவந்திருந்தன. "நான்தானே அந்தப் பின்னைக் குத்தின. சட்டம் தெரியாத உம்மாவ வெச்சிக்கிட்டு புள்ள என்ன செய்யும்? இவ்வளவு நாள் பட்ட கஷ்டமெல்லாம் என்னால நாசமாப் பெய்ட்டு."

"உங்கட பிழை இல்லை, சப்னா."

அந்த வாக்கியத்தைத் தொடர்ந்து இன்னொரு வாக்கியம் வந்திருக்க வேண்டும். றஞ்சனா சோற்றைப் பிசைந்தாள். சப்னா இன்னொரு கரண்டி கறி போட்டாள். போதும் என்றுகூடச் சொல்ல முடியாமல் அதையும் சாப்பிட்டாள். 

திரும்பும்போது அவள் கட்டுகஸ்தோட்டையில் நிறுத்தவில்லை. வேண்டாம், பஸ்ஸில் போகிறோம் என்று சப்னா எவ்வளவு சொல்லியும் கேட்காமல், அக்குறணை நெரிசலுக்குள்ளால் ஓட்டிக்கொண்டு போய் அலவத்துகொடையில் வீட்டு வாசலிலேயே இறக்கிவிட்டாள். இறங்கும்போது சப்னா அவள் கையைப் பிடித்து, "உங்களுக்குப் பெரிய கரைச்சல் தந்திட்டோம்," என்றாள்.

கார் திரும்பியதும் துஷாந்தி கழுத்திலிருந்த பதக்கத்தைக் கழற்றினாள்.

"அம்மா, நீங்கள் அந்த மேசையில இருந்த மிஸ்ஸோட என்ன கதைச்சனீங்கள்?"

றஞ்சனாவுக்கு ஒரு பொய்யும் வரவில்லை. அலுவலகத்தில் பொதுமக்களுக்குச் சொல்லும் பதில்கள்தான் வாயில் வந்தன. "சட்டம் எண்டு ஒண்டு இருக்குத்தானே, பிள்ளை. குத்தியிருந்தால் அவளுக்குத்தான் ஆபத்து."

"அப்ப ஏன் காலைமை காருக்குள்ள சொல்லேல்லை?"

றஞ்சனா கியரை மாற்றினாள்.

"நான் தோத்திருப்பன். தெரியும். எனக்கு அது பரவாயில்லை," என்றாள் துஷாந்தி. "அவளோட தோத்தா நான் அவளோடயே சேர்ந்து வீட்ட வருவன். இப்ப என்னெண்டு நான் அவளின்ட முகத்தைப் பாக்கிறது? நீங்களே போய்ச் சொல்லுங்கோ. நான் சொல்ல மாட்டன்."

அதன்பின் துஷாந்தி வகுப்புக்குப் போகவில்லை. கேட்டால் தலையிடி என்றாள், பரீட்சை என்றாள். தாயோடு சாப்பாட்டு மேசையில் இருப்பாள், தேவைக்குப் பேசுவாள், அவ்வளவுதான். இல்மா கோல் எடுத்தால் போனைத் திருப்பி வைத்துவிடுவாள். றஞ்சனா அலுவலகத்தில் கோப்புகளைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, 'இல்லை, தற்செயலாகக் கண்டேன்' என்று தான் சொன்ன குரல் காதுக்குள் கேட்கும். முகம் சூடாகும். பக்கத்து மேசைக்காரி, காய்ச்சலா என்று கேட்பாள். இல்மாவின் பெயரைச் சொல்லியிருந்தால்கூட இவ்வளவு வெட்கமாக இருந்திராது என்று தோன்றியது. தன் காரில் ஏறி, தன்னை அன்ட்டி என்று கூப்பிட்டு, தன் வீட்டில் தேத்தண்ணீர் குடித்த பிள்ளையை, தெரியாது என்று சொல்லியிருந்தாள்.

ஒருநாள் மாலை கிருஷ்ணராஜ் கோல் எடுத்தார். தெல்தோட்டைப் பக்கத்து ஆள், அதிகம் பேசமாட்டார்.

"மிஸ், புள்ளய ஏன் அனுப்புறதில்ல?"

"அவவுக்குச் சுகமில்லை, மாஸ்டர்."

 "நான் அன்னிக்கு மேலதான் உக்காந்திருந்தேன், மிஸ். நீங்க எறங்கிப் போனதப் பாத்தேன். யாருகிட்டயும் சொல்லல, சொல்லவும் மாட்டேன். சட்டப்படி பாத்தா நீங்க செஞ்சதுல ஒரு தப்பும் இல்லங்க. நானே பாத்திருக்கணும், நான்தான் கவனிக்காம விட்டுட்டேன். ஆனா ரெண்டு புள்ளைங்களும் எனக்கு வேணும். அத மட்டும் யோசிச்சுக்கங்க."

அவர் ஏசியிருக்கலாம் என்று றஞ்சனாவுக்கு இருந்தது. தப்பில்லை என்று அவர் சொன்னதுதான் தாங்க முடியாமல் போனது.

அடுத்து வந்த போயா பௌர்ணமி விடுமுறையன்று தனியாக அலவத்துகொடைக்குப் போனாள். இல்மா ரியூஷன் வகுப்புக்குப் போயிருந்தாள். சப்னா சந்தோஷமாக வரவேற்று, கதிரையைத் துடைத்துப் போட்டு, தேத்தண்ணீர் வைக்க உள்ளே போகப் பார்த்தாள். போனால் தன்னால் சொல்ல முடியாது என்று தெரிந்து, அவளை மறித்து, நின்றபடியே சொல்லி முடித்தாள் றஞ்சனா. மேசைக்குப் போனதைச் சொன்னாள். பிள்ளையைத் தெரியாது என்று சொன்னதையும் விடவில்லை.

சப்னா சுவரில் சாய்ந்தாள். கோபப்படவில்லை. விளங்காத ஒன்றை விளங்கிக்கொள்கிறவள் போல நெற்றியைச் சுருக்கினாள்.

"கார்லயே உங்களுக்குத் தெரியுமா?"

"ஓம்."

"என்ட பேக்ல ஊசி நூல் ஈந்திச்சி, அக்கா. ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் அந்த எடத்துலயே பின்னைக் கழட்டிட்டு தெச்சி உட்டிருப்பேன்."

றஞ்சனா தலையைக் குனிந்தாள். அழுகை வந்தது. இந்த வீட்டில் தான் அழக்கூடாது என்று அடக்கினாள். "நான் டெக்வொண்டோ சங்கத்துக்கு எழுதிக் குடுக்கிறன். இல்மாவிட்டையும் மன்னிப்புக் கேக்கிறன். அவ வரும் வரைக்கும் இருக்கிறன்."

"வேணாம்." சப்னாவின் குரல் முதல் தடவையாக உயர்ந்தது. "இல்மாட்ட சொல்லாதீங்க. இந்த ஊட்டுல அவ அங்க போறது எத்தனை பேருக்குப் புடிக்கல்ல எண்டு உங்களுக்குத் தெரியாது. அவட பெரிய வாப்பா ஒவ்வொரு நாளும் கேக்கிற, பொம்புளப் புள்ளைக்கு இது என்னத்துக்கு எண்டு. 'அன்ட்டி நல்ல மாதிரி, அவங்கட கார்லதான் போறா' எண்டு சொல்லித்தான் நான் அவர்ட வாய அடச்சி வெச்சிருந்தேன். இது வெளிய வந்தா அவட ப்ராக்டிஸ் அதோட முடிஞ்சி. உங்கட மனசு லேசாகிறதுக்காக என்ட புள்ள அவட விளையாட்ட விடணுமா?"

றஞ்சனா கார் சாவியைக் கையில் எடுத்தாள்.

"நீங்க சொல்லாம இரிங்க. நானும் சொல்லாம ஈக்கிறேன். இனி அவ உங்கட கார்ல வர மாட்டா. நானே பஸ்ல கூட்டிக்கிட்டுப் போறேன்."

தேத்தண்ணீர் வரவில்லை. றஞ்சனா வாசலுக்கு வந்து செருப்பைப் போட்டாள். "துஷாவ அனுப்புங்க," என்றாள் சப்னா உள்ளே இருந்தபடியே. "இல்மா ஒவ்வொரு நாளும் அவவைத்தான் கேக்கிறா."

நடந்ததை வீட்டில் துஷாந்தியிடம் சொன்னாள்.  மறுநாள் துஷாந்தி தானே டொபொக் சீருடையை அயன் பண்ணி, பட்டியைச் சுருட்டி, வகுப்புக்கு வெளிக்கிட்டாள். அங்கே போனதும் நேரே கிருஷ்ணராஜிடம் போய், அன்றைய சண்டை முடியவில்லை, எல்லாருக்கும் முன்னால் அதை முடிக்க வேண்டும், வெல்கிறவள் மாகாணத்துக்குப் போகட்டும், தோற்றால் நான் விலகிக் கடிதம் தருகிறேன், இடம் இரண்டாவதாக வந்தவளுக்குப் போகும் என்றாள்.

கிருஷ்ணராஜ் சம்மதித்தார். அந்தச் சண்டையைப் பார்க்க றஞ்சனா மண்டபத்துக்கு உள்ளே வந்தாள். வராமல் இருக்கத்தான் விருப்பம், துஷாந்தி விடவில்லை. சுவரோரமாகக் கிடந்த நீள மர வாங்கில் ஒரு பக்கத்தில் சப்னா, மறுபக்கத்தில் அவள். இடையில் பிள்ளைகளின் பைகள்.

துஷாந்தி அன்று விளையாடியது போல அதற்கு முன் விளையாடியதில்லை. கடைசிச் சுற்று வரைக்கும் யார் முன்னுக்கு என்று சொல்ல முடியவில்லை. முடிவில் இல்மாவின் கால் ஒன்று தலைக்கவசத்தில் பட்டது. அதோடு சரி, வெற்றி இல்மாவுக்கு. இருவரும் மெத்தையிலேயே மூச்சு வாங்க உட்கார்ந்து, ஏனென்று தெரியாமல் சிரிக்கத் தொடங்கினார்கள். வகுப்புப் பிள்ளைகள் எல்லாரும் கை தட்டினார்கள். சப்னாவும் தட்டினாள்.

இல்மா வியர்வையோடு ஓடி வந்து றஞ்சனாவுக்கு முன்னால் நின்றாள்.

"அன்ட்டி, துஷா எல்லாம் சொன்னா."

றஞ்சனா சட்டென்று சப்னாவின் பக்கம் திரும்பினாள்.

"எனக்கு இன்னொரு சான்ஸ் குடுக்கணும் எண்டு நீங்கதானாம் அவகிட்டச் சொன்ன. வேற யாரும் இப்படிச் செய்ய மாட்டாங்க, அன்ட்டி." குனிந்து, அவள் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

மெத்தையில் இருந்த துஷாந்தி தாயைப் பார்க்காமல் காலில் சுற்றியிருந்த கட்டை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பொய்யைத் தாய்க்காகச் சொன்னாளா, தோழிக்காகச் சொன்னாளா என்று றஞ்சனாவுக்குத் தெரியவில்லை. கேட்கவும் முடியாது. வாங்கின் மறுபக்கத்திலிருந்து சப்னா பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நல்லா விளையாடினனீங்கள், பிள்ளை," என்றாள் றஞ்சனா. அந்தச் சின்னக் கைகளைத் தானாக விடுவிக்கத் தைரியம் இல்லாமல், இல்மா விடும் வரைக்கும் தலையைக் குனிந்தபடி இருந்தாள்.