அன்புச்செல்வனின் ஈரப்பதம்

என் கூட்டாளி அன்புச்செல்வனுக்குப் பெண் பார்த்துவிட்டு வந்த நாளிலிருந்து என் நிம்மதி போயிற்று. நான் ஜீப் ஓட்டுகிறவன். போடியிலிருந்து மலைக்கு ஆளும் லோடும் ஏற்றுவதுதான் என் பிழைப்பு. இன்னொருத்தன் கன்னத்துக்குக் காவல் இருப்பதல்ல.

பெண்ணின் அப்பா மொக்கச்சாமி, சிலமலைக்காரர், அவன் முகத்தையே வெகுநேரம் பார்த்தார். தோல் உரிந்து, கண் சிவந்து, உதடு வெடித்துக் கிடந்தது. "இது குடிகார மூஞ்சி" என்றார் நேருக்கு நேராக. "பத்து நாள் தர்றேன். மூஞ்சி தெளிஞ்சிருந்தாத் தட்டு மாத்துவோம். இல்லைன்னா அவுகவுக சோலியப் பாப்போம்."

அவன் சோடா குடித்தாலே தும்முகிறவன். மூன்று வருடமாக எஸ்டேட் ஸ்டோரில் ஏலக்காய் உலர்த்துகிறான். பச்சைக் காயை அனல் அறையில் பரப்பி, ஈரம் பத்து சதவீதத்துக்கு இறங்கும்வரை கூடவே கிடப்பது அவன் வேலை. காயோடு முகமும் காய்ந்துவிட்டது. எஸ்டேட்டில் வேலை என்று மட்டும் தெரிந்த மனுசரிடம் அதைச் சொல்லியிருக்கலாம். சிவரஞ்சனியைப் பார்த்ததும் பயலுக்கு நாக்கும் காய்ந்துவிட்டது.

அவள் போடியில் ஒரு ஃபேன்சி ஸ்டோரில் அழகுப் பொருள் விற்கிறாள். அவளுக்கும் இவனைப் பிடித்துப்போய்விட்டது. சாயங்காலமே செய்தி அனுப்பிவிட்டாள். "மொதல்ல உங்க தோலு எந்த வகைன்னு பாருங்க. மூஞ்சியக் கழுவிட்டு, ஒண்ணும் தடவாம அரை மணி நேரம் இருங்க. இறுக்கிப் புடிச்சா வறண்ட தோலு, கெட்டியான கிரீம் போடணும். மினுமினுன்னா எண்ணெய்த் தோலு, ஜெல் போதும். ரெண்டும் இருந்தாக் கலப்பு." இதைவிடத் தெளிவாக யாரால் சொல்ல முடியும்?

அந்த மடையன் அந்த அரை மணி நேரத்தை அனல் அறைக்குள் கழித்தான். அப்பளம் மாதிரி வெளியே வந்து, "வறண்ட தோலு மாப்ளே" என்றான். மறுநாள் சந்தேகம் வந்து பனிமூட்டத்தில் போய் நின்றான். முகத்தில் தண்ணீர் சொட்டியது. "எண்ணெய்த் தோலு." மூன்றாம் நாள், நியாயமாக இருக்கட்டும் என்று அனல் அறை வாசலில் பக்கவாட்டில் நின்றான். இடது கன்னம் அனலில், வலது கன்னம் பனியில். "கலப்பு மாப்ளே! இப்பத்தான் வெளங்குச்சு." அன்றிலிருந்து இடப்பக்கம் கிரீம், வலப்பக்கம் ஜெல். மூக்கு எந்தப் பக்கத்துக்குச் சொந்தம் என்பதில் மட்டும் அவனுக்குக் குழப்பம்.

அதோடு விட்டானா? ஏலக்காய்க்கு ஈரம் பார்க்கும் மீட்டரைக் கன்னத்தில் வைத்தான். முப்பத்தெட்டு காட்டியது. "பத்துக்கு மேல போனா பூஞ்சை புடிச்சிரும்டா!" என்று அனல் அறைக்குள் ஓடினான். காய்ந்ததும் வெளியே வந்து பூசினான். பூசியதும் பயந்து மறுபடி உள்ளே ஓடினான். மிச்ச நாளெல்லாம் இதே கதை.

பத்தாம் நாள் அவனை ஜீப்பில் சிலமலைக்கு இறக்கிக்கொண்டு போனேன். கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றிலும் வெயில் பக்கம் மாற, "நிறுத்து, நிறுத்து" என்று கன்னம் மாற்றிப் பூசினான். எனக்கு வந்த எரிச்சலுக்கு அங்கேயே இறக்கி விட்டிருப்பேன். ஆனால் சத்தியமாகச் சொல்கிறேன், முகம் மின்னியது.

மொக்கச்சாமிக்கும் திருப்திதான். சிரித்துக்கொண்டே கிட்டே வந்தார். மூக்கு விடைத்தது.

"ஏலக்காய் வாசம்! குடிச்சதை மறைக்க ஏலக்காய மென்னுட்டு வந்திருக்கான். தட்டை எடுத்துக்கிட்டுக் கெளம்புங்கப்பா!"

எனக்குக் கோபம் தலைக்கேறியது. "ஊரே ஏலக்காய் மணக்குற போடிப் பக்கம் இருந்துக்கிட்டு ஏலக்காய் வாசம்ங்கிறீகளே, நாயமா?" என்று கத்தினேன். யாரும் காதில் வாங்கவில்லை. அன்பு சிவரஞ்சனி இருந்த உள்ளறை வாசலையே பார்த்தான். சிவரஞ்சனி இல்லையென்றால் இவன் உடைந்துபோவான் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. அவ்வளவு நாள் கேலி செய்ததற்கு வெட்கப்பட்டேன்.

உள்ளேயிருந்து ஈரத்துணியோடு சிவரஞ்சனி வந்தாள். அத்தனை பேர் முன்னாலும் அவன் முகத்தைத் துடைத்தாள். துணியை அப்பாவின் மூக்கருகே நீட்டினாள்.

"வாசம் பூராம் இதுல இருக்குப்பா." அவன் பக்கம் திரும்பி, "ஊதுங்க" என்றாள்.

ஊதினான். மொக்கச்சாமி இரண்டு தடவை முகர்ந்தார்.

"வெங்காய உப்புமா" என்றார், கொஞ்சம் ஏமாற்றத்தோடு.

துடைத்த முகம் பழையபடி உரிந்து, வெடித்துத் தெரிந்தது. "இது அனல்ல வேலை பாத்த மூஞ்சிப்பா" என்றாள் அவள். "இதைப் பாத்துத்தான் நான் சரின்னேன்."

தட்டு மாற்றினார்கள். அன்புச்செல்வன் குழந்தை மாதிரி அழுதான். கண்ணீர் இரண்டு கன்னத்திலும் ஒரே அளவாக வழிந்தது. என் காதருகே குனிந்து, "மாப்ளே, ஈரம் பத்துக்கு மேல போயிருக்கும்ல?" என்றான்.

"போகட்டும்டா" என்றேன்.