சரிசாமியின் மூன்றாவது டூட்டி

உலகத்தில் விளையாட எத்தனையோ ஆட்டம் இருக்க, சார்ட்டுக்காரர் போய்ப் பிடித்துக்கொண்டது மூழ்கப் போகிற ஒரு மல்யுத்தக் கம்பெனியை. கம்ப்யூட்டரில்தான். அடிதடி பார்க்கலாம் என்று அவர் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்த டிரைவர்கள் எல்லாரும் ஏமாந்து போனார்கள். திரை முழுக்க வெறும் பட்டியல். இது மேடை மல்யுத்தம். யார் யாரோடு மோதுவது, யார் ஜெயிப்பது, யாருக்கு நல்லவன் வேஷம், யாருக்குக் கெட்டவன் வேஷம், எல்லாவற்றையும் முதலாளி முன்கூட்டியே எழுதிவிட வேண்டும். எழுதிப் பொத்தானை அழுத்தினால், கூட்டம் எவ்வளவு ரசித்தது என்று நூற்றுக்கு இத்தனை என்று ஒரு மார்க் வரும். அவ்வளவுதான் ஆட்டம். இதற்குத்தான் மனிதர் சாப்பாட்டு நேரத்தில் சோற்றை ஆறவிட்டு உட்கார்ந்திருப்பார்.

சார்ட்டுக்காரர் என்பது பஸ் டெப்போவில் அவருக்கு வைத்த பெயர். எந்த வண்டிக்கு எந்த டிரைவர், எந்தக் கண்டக்டர் என்று தினமும் சார்ட்டு எழுதி வாசல் பலகையில் ஒட்டுவது அவர் வேலை.

"நாள் பூரா இங்க சார்ட்டு, சாப்பாட்டு வேளைல அங்கயும் சார்ட்டா?" என்று ஒரு கண்டக்டர் கேட்டார்.

"அங்க எவனும் டூட்டி போட்டா மூஞ்சியத் தூக்கி வச்சுக்க மாட்டான்யா."

சுத்தப் பொய். அந்த மல்லர்கள் காட்டுகிற மூஞ்சியை எந்த டெப்போவிலும் பார்க்க முடியாது. தோற்கச் சொன்னால் ஒருவன் முடியாது என்பான். முதல் ஆட்டமாகப் போட்டால் இன்னொருவன் கோபித்துக்கொண்டு எதிர்க் கம்பெனிக்குப் போய்விடுவான். மண்டபத்தில் பாதி நாற்காலி காலி. கம்பெனிகளின் வரிசையில் அவருடையது கடைசிக்கு முந்தின இடம். கடைசியில் இருந்தது ஏற்கெனவே இழுத்து மூடிய கம்பெனி. போதாக்குறைக்கு டி.வி. சேனல்காரன் கெடு வைத்துவிட்டான்: அடுத்த நிகழ்ச்சிக்கு எழுபது மார்க் வராவிட்டால் ஒளிபரப்பு கிடையாது. ஒளிபரப்பு போனால் கம்பெனியும் போச்சு.

மல்லர்களுக்கு டெப்போ ஆட்களின் பட்டப்பெயர்களையே வைத்திருந்தார். எதைச் சொன்னாலும் வாய்க்குள்ளேயே வைகிற டிரைவர் முணுமுணுப்பு, அங்கே முதல் தரமான கெட்டவன். நல்லவன், அதாவது கூட்டம் யாருக்காக வருகிறதோ அவன், சரிசாமி.

சரிசாமி அவருடைய மச்சினன். அம்மா போன பிறகு அவனை இடுப்பில் தூக்கி வளர்த்தது அக்காதான். கல்யாணமாகி வரும்போது பெட்டியோடு தம்பியையும் கூட்டிக்கொண்டு வந்தாள். வளர்ந்ததும் டிரைவர் வேலை வாங்கிக் கொடுத்தவர் சார்ட்டுக்காரர். அந்த நன்றி அவன் வாயில் ஒரே வார்த்தையாக நின்றுவிட்டது. எந்த வண்டி, எந்த நேரம், எதைச் சொன்னாலும் "சரி மாமா". அதனால்தான் அந்தப் பெயர். இளகின இரும்பைக் கண்டால் கொல்லன் தூக்கித் தூக்கி அடிப்பான் என்பார்களே, டெப்போவில் அது தினமும் நடந்தது. ஆள் வராத வண்டியெல்லாம் அவன் தலையில். ஆட்டத்தில் ஒவ்வொரு மல்லனுக்கும் விசுவாசம் என்று ஒரு எண் உண்டு. மச்சினனுக்குச் சார்ட்டுக்காரர் நூறு கொடுத்திருந்தார். அதற்கு மேல் கொடுக்க ஆட்டம் விடவில்லை.

அன்றைக்கு மத்தியானம் பன்னிரண்டரைக்கு முணுமுணுப்பு வந்து மேஜை முன்னால் நின்றான்.

"எனக்கு ஒடம்பு சரியில்ல. மலை வண்டிக்கு வேற ஆளப் பாத்துக்குங்க. மூணு நாள் லீவு."

"ஒரு மணிக்கு வண்டிய வச்சுக்கிட்டு இப்ப வந்து சொல்றியே, உனக்கே நல்லா இருக்கா?"

"முடியாதுன்னா முடியாது சார்" என்றவன் மீதியை வாய்க்குள் சொல்லிக்கொண்டே போய்விட்டான்.

மலை வண்டி அந்த மாதத்தில் இரண்டு முறை ஓடாமல் நின்றிருந்தது. மூன்றாவது முறை நின்றால் அந்தத் தடத்தை வேறு டெப்போவுக்குக் கொடுத்துவிடுவதாக மேனேஜர் சொல்லியிருந்தார். "தடம் போச்சுன்னா நீங்களும் பையை மாட்டிக்கிட்டுக் கண்டக்டரா ஏறிடுங்க" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். அந்தச் சிரிப்பைத்தான் நம்பக் கூடாது. முன்பு கண்டக்டராக நின்று நின்றுதான் அவர் இடுப்பு போனது. அரை மணி நேரம் நின்றால் இடது கால் மரத்துவிடும். இந்த நாற்காலி போனால் அவருக்கு வேறு போக்கிடம் இல்லை.

வெளியே குழாயடியில் மச்சினன் முகம் கழுவிக்கொண்டிருந்தான். ராத்திரி டூட்டி பார்த்து, விடிந்ததும் காலை வண்டியையும் ஓட்டிவிட்டு அப்போதுதான் இறங்கியிருந்தான். இரண்டு டூட்டி சேர்ந்தாற்போல் பார்த்தவன் எட்டு மணி நேரம் தூங்காமல் ஸ்டியரிங்கைத் தொடக் கூடாது என்பது விதி. அதைத் தன் கையால் எழுதிச் சுவரில் ஒட்டியவரே சார்ட்டுக்காரர்தான்.

"மாப்ள, மலை வண்டிக்கு ஆள் இல்ல. ஒரே ஒரு..."

"சரி மாமா."

முழுசாகச் சொல்லிக்கூட முடிக்கவில்லை. அவன் கண் இரண்டும் மிளகாய் பட்டதுபோல் சிவந்திருந்தது. சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே எடுத்துக்கொண்டு போனான். ஒரு மணிக்குச் சரியாக வண்டி கேட்டைத் தாண்டியது. நல்ல பையன், தங்கமான பையன் என்று சார்ட்டுக்காரர் மனதுக்குள் சொல்லிக்கொண்டார். அப்படிச் சொன்னால் மனம் ஆறும் என்று நினைத்தார். ஆறவில்லை.

அதனால்தான் ஆட்டத்தைத் திறந்தார். டி.வி. சேனல்காரன் கெடு வைத்த நிகழ்ச்சி. கடைசி ஆட்டம் சரிசாமிக்கும் முணுமுணுப்புக்கும், இருபத்தைந்து நிமிடம். எழுபது மார்க் வாங்க வேறு வழியே இல்லை. பொத்தானை அழுத்தியதும் சிவப்பு எழுத்தில் ஒரு எச்சரிக்கை வந்தது. சரிசாமி மிகவும் களைத்திருக்கிறார், பலத்த காயம் ஏற்படலாம், தொடரலாமா? சார்ட்டுக்காரர் யோசிக்கவில்லை. தொடர்ந்தார்.

எழுபத்தேழு மார்க். "அப்படிப் போடு!" என்று தொடையில் தட்டினார். அதற்குக் கீழே சின்ன எழுத்தில் இன்னொரு வரி இருந்தது. சரிசாமி, கழுத்து முறிவு, இனி மேடை ஏறமாட்டார்.

சீச்சீ, ஆட்டம்தானே என்று தன்னையே அதட்டிக்கொண்டு, சேமித்து வைத்திருந்த பழைய இடத்துக்குத் திரும்பிப் போய், அதே ஆட்டத்தை அப்படியே மறுபடி போட்டார். இந்த முறை எழுபத்திரண்டு மார்க். சரிசாமி, தலையில் பலத்த அடி, நினைவு திரும்பவில்லை.

கடிகாரம் இரண்டரை காட்டியது. வண்டி இந்நேரம் அடிவாரம் தாண்டி முதல் வளைவில் ஏறிக்கொண்டிருக்கும்.

போன் அடித்தது. மனைவி.

"ஏங்க, தம்பி சாப்பிட வரல. போன் பண்ணா எடுக்கல. எங்க போனான்?"

"வண்டியில இருக்கான்."

"காலை வண்டியோட எறங்கிடுவேன்னு சொன்னானே?"

"மலை வண்டிக்கு ஆள் இல்ல. அனுப்பியிருக்கேன்."

"நேத்து சோத்துல கைய வச்சபடியே தூங்கிட்டான்ங்க அவன்" என்றாள். "நான்தான் கைய எடுத்துக் கழுவிவிட்டேன். அப்பவும் முழிக்கல. அவனையா மலைக்கு அனுப்பினீங்க?"

"அவன் ஒண்ணும் சொல்லலியே."

"அவன் என்னிக்குச் சொன்னான்?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டாள்.

சார்ட்டுக்காரர் மேஜைமேல் இருந்த இன்னொரு போனை எடுத்தார். மலை உச்சி நிலையத்தில் நேரம் குறிக்கிறவர் ஒருவர் இருக்கிறார். அவரிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும்: வண்டி வந்ததும் நிறுத்து, டிரைவரை மூணு மணி நேரம் தூங்க வை. ஆனால் அது ரத்தான ட்ரிப் என்று பதிவாகும். ஏன் ரத்து என்று கேள்வி வரும். யார் போட்ட டூட்டி என்று வரும். மூன்றாவது முறை என்று வரும். போனைக் கையில் வைத்துக்கொண்டே இன்னொரு கையால் மூன்றாவது தடவை பொத்தானை அழுத்தினார்.

இப்போது அவருக்கு மார்க் முக்கியமில்லை, கம்பெனி முக்கியமில்லை. அவன் முழுசாக மேடையை விட்டு இறங்க வேண்டும், அதுதான் வேண்டும். வேறு மல்லனைப் போட்டிருக்கலாம், இருபத்தைந்து நிமிடத்தைப் பத்தாகக் குறைத்திருக்கலாம். அதையெல்லாம் அவர் செய்யவில்லை. அதே ஆள், அதே களைப்பு, அப்படியும் ஒன்றும் ஆகக் கூடாது. எங்கிருந்து வருகிற பைத்தியக்காரத்தனம் பாருங்கள்!

எழுபத்துநான்கு. கீழே வரி எதுவும் இல்லை. சேனல்காரன் வாழ்த்துச் சொல்லி அனுப்பியிருந்தான்.

போன உயிர் திரும்பி வந்தது அவருக்கு. பார்த்தாயா, ஒன்றும் ஆகவில்லை, எச்சரிக்கை என்றால் எச்சரிக்கைதான், அதற்காக எல்லாம் நடந்துவிடுமா என்று நினைத்தார். மலை உச்சிக்குப் பேச எடுத்த போனைக் கீழே வைத்தார். ஆறிப்போன சோற்றைச் சாப்பிட்டார்.

வண்டி ஆறே முக்காலுக்குத் திரும்ப வேண்டும். ஏழு மணிக்கு வரவில்லை. ஏழேகாலுக்கும் வரவில்லை. உச்சிக்குப் போன் செய்தார். வண்டி நேரத்துக்குக் கிளம்பிவிட்டது என்றார்கள். மச்சினன் போன் அடித்துக்கொண்டே இருந்தது, அவன் எடுக்கவில்லை. வேறு தடத்திலிருந்து வந்து இறங்கிய டிரைவர் ஒருவர், "மலைல ஏதோ வண்டி ஓரம் தட்டிருச்சாமே, கேள்விப்பட்டீங்களா?" என்றார். எந்த வண்டி என்று அவருக்குத் தெரியவில்லை. சார்ட்டுக்காரர் கேட்டுக்குப் போய் நின்றார். இடது கால் மரத்துப்போயும் அங்கேயே நின்றார். மனைவியிடமிருந்து நாலு தடவை போன் வந்தது. எடுக்கத் தைரியம் இல்லை.

ஏழு நாற்பதுக்கு மலை வண்டி உள்ளே வந்தது.

இடது பக்கக் கண்ணாடியைக் காணோம். முன் சக்கரத்திலிருந்து பின் படி வரைக்கும் ஒரே கோடாகத் தகரம் கிழிந்து, அதில் மஞ்சள் பெயிண்ட் ஒட்டியிருந்தது. முதலில் இறங்கியவர் கண்டக்டர். இனிமேல் என் பேரை இவனோடு சேர்த்துப் போடாதீங்க சார் என்றார்.

"பேரச் சொல்லிக் கத்துறேன் சார், காதுலயே விழல அவனுக்கு. கண்ணு தெறந்துதான் இருக்கு. கடைசில நான் பாஞ்சு ஸ்டியரிங்கப் பிடிச்சு இழுத்தேன். அப்புறம் ரெண்டு எடத்துல நிறுத்தித் தலைல தண்ணி ஊத்திக் கூட்டிட்டு வந்திருக்கேன். பதினாறு உசுரு சார் உள்ள."

மச்சினன் இறங்கி, வண்டியின் பக்கவாட்டைத் தடவிப் பார்த்தான். குழந்தைபோல் விழித்தான்.

"இது பாலத்துக் கைப்பிடிச் சுவரு பெயிண்டு மாமா" என்றான். "ஆனா பாலம் எப்ப வந்துச்சுன்னே எனக்குத் தெரியல."

சொல்லிவிட்டுச் சிரிக்கப் பார்த்தான். சார்ட்டுக்காரர் அவன் தோளைப் பிடித்துக்கொண்டார். வந்துட்டான், வந்துட்டான் என்பதைத் தவிர வேறு எதுவும் அப்போது அவர் மனதில் இல்லை. அவனை உள்ளே கூட்டி வந்து பெஞ்சில் உட்கார வைத்தார். உட்கார்ந்தபடியே அவன் தலை தொங்கிவிட்டது.

எட்டு மணிக்கு மறுநாள் சார்ட்டை ஒட்டியாக வேண்டும். மேனேஜர் போனில் வந்தார்.

"மலை வண்டி ஓடிருச்சாமே, சபாஷ்! ஒரசல் கிரசல் எல்லாம் நான் பாத்துக்கறேன். நாளைக்குக் காலை அஞ்சரை ட்ரிப்பும் போயிடணும். விட்றாதீங்க."

எல்லாக் கட்டத்திலும் பெயர் நிரம்பியிருந்தது, மலை வண்டியைத் தவிர. முணுமுணுப்புக்கு மூன்று நாள் லீவு. எட்டுப் பேருக்குப் போன் செய்தார். எட்டுப் பேரும் முடியாது என்றார்கள். இருவர் காரணம்கூடச் சொல்லவில்லை. ஆள் இல்லை, வண்டி ஓடாது என்று மேனேஜருக்குச் சொல்ல வேண்டியதுதான். ஒரே ஒரு வாக்கியம். அதை வாய்க்குள் இரண்டு தடவை சொல்லியும் பார்த்தார்.

இன்னிக்கு ஒண்ணும் ஆகலியே என்று அவருக்குத் தோன்றிவிட்டது. அப்படித் தோன்றியதற்கு அவரே பயந்தார்.

"மாப்ள" என்றார் மெதுவாக. "காலையில அஞ்சரை வண்டி..."

"சரி மாமா" என்றான் மச்சினன். கண் திறக்கவில்லை. தூக்கத்தில்தான் சொன்னான்.

சார்ட்டுக்காரர் காலிக் கட்டத்தில் அவன் பெயரை எழுதினார். எழுதிய தாளை எடுத்துப் போய் வாசல் பலகையில் ஒட்டினார். திரும்பி வரும்போது போன் அடித்தது. இந்தத் தடவை எடுத்தார்.

"வந்துட்டானா?" மனைவி அழுதுகொண்டிருந்தாள்.

"வந்துட்டான். இங்கதான் இருக்கான்."

"நாளைக்கு அவனுக்கு லீவு போடுங்கங்க. உங்களக் கையெடுத்துக் கும்பிடுறேன்." அவர் பலகையில் ஒட்டிய தாளைத் திரும்பிப் பார்த்தார். "காதுல விழுதா? போட்டீங்களா இல்லையா?"

"போட்டுட்டேன்" என்றார் சார்ட்டுக்காரர்.

"அப்பாடா" என்றாள் அவள், மூக்கை உறிஞ்சிக்கொண்டே. "அப்ப காலையில அவனை நான் எழுப்பல. எவ்வளவு நேரம் வேணும்னாலும் தூங்கட்டும்."