பீமாராவ் காலைக் காட்ட வேண்டிய கதை

1

இந்தக் கதை என் யோசனை இல்லை. போன மே மாதம் ஒரு சிற்றிதழ் ஆசிரியர் போன் செய்தார். "போர்க்காலப் பேய்க்கதைகள்னு சிறப்பிதழ் போடுறோம். குழந்தையின் கண்வழியாக வரணும். உங்கள் மண்ணின் போரை எழுதுங்க" என்றார்.

நான் இருப்பது மதுரை செல்லூரில். எங்கள் மண்ணின் போர் தண்ணீர் லாரி வந்ததும் தொடங்கி, லாரி போனதும் முடிந்துவிடும். இதுவரை பிளாஸ்டிக் குடங்கள்தான் வீரமரணம் அடைந்திருக்கின்றன. இதைச் சொன்னேன். "மானுட வலி எங்கும் ஒன்றுதானே" என்றார். வலி என்று யாராவது சொல்லிவிட்டால் எனக்கு மறுக்க வராது. ஒப்புக்கொண்டேன்.

2

முதல் தொடக்கம்: துப்பாக்கிப் புகையின் நடுவே அந்தச் சிறுமி தன் உடைந்த பொம்மையை

[அடித்துவிட்டேன். எங்கள் தெருவில் புகை வந்தால் அது புரோட்டாக் கடைப் புகை. சிறுமி பொம்மையை விட்டுவிட்டு சால்னா கேட்பாள்.]

இரண்டாம் தொடக்கம்: எல்லைக்குப் போயிருந்த அப்பா அன்று மழையில் வந்தார். சட்டையில் ஈரம் இல்லை. சுவரில் நிழலும்

[இது நன்றாகத்தான் இருந்தது. சிக்கலே அதுதான்.]

இதை எழுதிக்கொண்டிருந்தபோது என் பக்கத்தில் உட்கார்ந்து மிக்சரில் கடலையை மட்டும் பொறுக்கித் தின்றுகொண்டிருந்தாள் பவதாரிணி. மாடி வீட்டுப் பிள்ளை, மூன்றாம் வகுப்பு முடித்தவள். பள்ளி விடுமுறை. அவள் அம்மா தமிழ்வாணி தறிக்கு வேலைக்குப் போகும்போது அவளை என்னிடம் விட்டுவிட்டுப் போவாள். அப்பா பீமாராவ் ராணுவத்தில். எல்லையில் சண்டை என்று டிவி அலறிய அந்த வாரம், அவர் அந்தப் பக்கம்தான் எங்கோ இருந்தார். 'போனை ஆஃப் பண்ணச் சொல்லிட்டாங்க, பயப்படாதீங்க' என்று ஒரு மெசேஜ். அதற்கப்புறம் ஒன்றும் இல்லை.

டிவியில் ஒருவர் கோட்டு போட்டுக்கொண்டு, கம்ப்யூட்டரில் வரைந்த விமானம் பறக்கும்போதெல்லாம் குனிந்தார். ஸ்டுடியோவில் சைரன் ஊதினார்கள். எங்கள் தெருப் பிள்ளைகள் கட்டிலுக்கு அடியில் போனார்கள். விளம்பரம் வந்ததும் வெளியே வந்தார்கள்.*

* குழந்தையின் கண்வழியாகப் போர் என்று ஆசிரியர் கேட்டது இதுவாக இருந்தால், கதை இங்கேயே முடிந்தது.

"அத்தை, ஒங்க கதையில பேய் யாரு?" என்றாள் பவதாரிணி.

நான் நோட்டை மூடினேன். "இன்னும் முடிவு பண்ணல" என்றேன். போர்க்காலப் பேய்க்கதையில் அப்பாவைத் தவிர வேறு யாரையும் பேயாக்க எனக்குத் தோன்றவே இல்லை என்பதை உங்களிடம் மட்டும் சொல்கிறேன்.

3

பேய் எங்கள் தெருமுனையிலேயே வந்து நின்றது. பத்தடி உயரம். கொண்டுவந்தவர் மொக்கையன் அண்ணன். அடுத்த தேர்தலில் கவுன்சிலர் ஆகிவிடுவது என்று அவர் முடிவு செய்து மூன்று தேர்தல் ஆகிறது. 'எல்லை காக்கும் எங்கள் சிங்கமே!' என்று பீமாராவுக்கு பிளக்ஸ் வைத்துவிட்டார்.

அழகர் ஆற்றில் இறங்கும் வாரம். மதுரை பிளக்ஸ் கடைகளில் மூச்சுவிட நேரமில்லை. கடைக்காரப் பையன்கள் அப்போதுதான் ஒரு பதினாறாம் நாள் காரியத்துக்கு அடித்து முடித்திருந்தார்கள். அந்த டிசைனில் ஆளை மாற்றினார்கள், பெயரை மாற்றினார்கள். படத்தைச் சுற்றி ரோஜா மாலையும் இரண்டு பக்கமும் எரியும் குத்துவிளக்கும் அப்படியே இருந்துவிட்டன.

தமிழ்வாணி தறியிலிருந்து வந்தவள் பார்த்துவிட்டு அங்கேயே கத்தினாள். "அண்ணே! எம் புருசன் உசுரோட இருக்காருண்ணே!"

"தெரியும் தங்கச்சி. அதான சிங்கம்னு போட்ருக்கேன்."

"சிங்கத்துக்கு எதுக்குண்ணே ரெண்டு பக்கமும் வெளக்கு?"

மொக்கையன் அண்ணன் அப்போதுதான் பிளக்ஸை முழுதாகப் பார்த்தார். அதுவரை தன் படத்தை மட்டும்தான் பார்த்திருந்தார்.

"திருவிழா முடியட்டும்மா, கழட்டிருவோம். இப்ப ஏணிக்காரன் எவனும் சிக்க மாட்டான். அதுவரைக்கும் கைக்கு எட்டுற வெளக்கை மட்டும் மறைச்சுத் தாரேன்" என்றார். மறைத்தும் தந்தார். இரண்டு விளக்கின் மேலும் தன்னுடைய படத்தை ஒட்டினார். இப்போது பிளக்ஸில் மூன்று மொக்கையன்கள் கும்பிட்டார்கள். நடுவில் பீமாராவ், மாலையோடு.

4

[இங்கே போரின் அபத்தம் குறித்து ஒரு பத்தி இருந்தது. மொக்கையன் அண்ணனுக்குப் பிறகு அது எடுபடாது.]

முத்துக்குமரன் ஐந்தாம் வகுப்பு முடித்தவன். எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு உச்சநீதிமன்றம். அவன் பிளக்ஸைப் பார்த்துத் தீர்ப்புச் சொன்னான். "மாலை போட்டா செத்தவுங்க. செத்தவுங்க பேயா வருவாங்க. பவா பேயோட மக. அவளுக்குச் செவுத்துக்கு அந்தப் பக்கமும் தெரியும். ஐஸ்பாய்ல சேத்தா கள்ளாட்டம்."

பவதாரிணி கண்ணைப் பொத்திக்கொண்டு எண்ணத் தொடங்கினாலும் யாரும் ஒளிவதில்லை. அந்த வாரம் முழுக்க அவள் தனியாக எண்ணிவிட்டுத் திரும்பிப் பார்ப்பாள். எல்லாரும் அதே இடத்தில் நின்று அவளையே பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

"எங்கப்பா சாகல."

"அப்ப போன் பண்ணச் சொல்லு."

"ஆஃப் பண்ணி வச்சிருக்காங்க."

"பேய்க்கு ஏது சார்ஜு" என்றான் முத்துக்குமரன்.

அன்று என்னிடம் வந்து, "அத்தை, ஒங்க பேயை யாராச்சும் செத்தவுங்களப் பாத்து வச்சுக்கங்க. எங்கப்பாவ வச்சிராதீங்க" என்றாள். எப்படித் தெரிந்ததோ. இரண்டாம் தொடக்கத்தைக் கிழித்தேன்.

5

சண்டை நின்றது. மறுநாள் மத்தியானம் வீடியோ கால் வந்தது. தமிழ்வாணி பேசினாள், அழுதாள், சிரித்தாள். "இங்க வந்து பாருங்க, ஒங்களுக்கு மாலையெல்லாம் போட்ருக்காங்க" என்று திட்டினாள். பவதாரிணி போனைப் பிடுங்கிக்கொண்டு தெருவுக்கு ஓடினாள். நானும் பின்னால் ஓடினேன்.

"பாரு! எங்கப்பா!"

பிள்ளைகள் மூன்றடி தள்ளி நின்றே பார்த்தார்கள். "பேசுறது செல்லாது. பேயும் பேசும்" என்றான் முத்துக்குமரன். "பேய்க்குக் கால் இருக்காது. காலைக் காட்டச் சொல்லு."

"அப்பா, காலைக் காட்டு."

"எதுக்கு பாப்பா?"

"காட்டுப்பா!"

பீமாராவ் போனைக் கீழே திருப்பினார். கறுப்பு பூட்ஸ் இரண்டு.

"அது ஷூ. உள்ள ஒண்ணுமில்லன்னா?"

"அவுத்துக் காட்டுப்பா!"

"பாப்பா, டூட்டில நிக்கேன், பெரியவரு வாராரு..." என்றவர் மகள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். "இரு" என்று குனிந்தார். திரையில் தலையும் வெயிலும் தெரிந்தன. "ச்சே, முடிச்சு விழுந்திருச்சு. எவன்டா இந்தக் கயித்த..."

படம் உறைந்தது. சிக்னல் போய்விட்டது.

6

ஆசிரியருக்கு முடிவு வேண்டுமாம். "அடுத்த நாள் தந்தி வரட்டும்" என்றார். (தந்தி!) மொக்கையன் அண்ணனைக் கேட்டேன், அவர் பீமாராவை வரவேற்பது போல முடிக்கச் சொன்னார். இரண்டையும் விட்டுவிட்டேன். நடந்ததைச் சொல்கிறேன்.

"கால் தெரியல. செல்லாது" என்றான் முத்துக்குமரன்.

பவதாரிணி உறைந்த படத்தையே பார்த்தாள். "ஏண்டா, பேயா இருந்தா முடிச்ச அவுக்காமலே கழட்டியிருக்கும்ல? எங்கப்பாவுக்கு அவுக்க வரலடா!"

முத்துக்குமரன் ஓரடி கிட்ட வந்து படத்தைப் பார்த்தான். அவள் போனை என் கையில் திணித்துவிட்டுப் போய், கரண்ட் கம்பத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சத்தமாக எண்ண ஆரம்பித்தாள்.

பிள்ளைகள் நிற்கிறார்கள். நானும் போனோடு நிற்கிறேன். எண்ணி முடித்ததும் அவள் திரும்பிவிடுவாள். அப்போது தெருவில் யார் நிற்கிறார்கள், யார் ஒளிந்திருக்கிறார்கள் என்பதுதான் இந்தக் கதைக்கு முடிவு. அதை நான் எழுதப்போவதில்லை. எனக்கு நேரமில்லை, தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இடம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

நீங்கள் ஏன் இன்னும் அங்கேயே நிற்கிறீர்கள்?